கூடவே வந்த அறுபத்துமூன்றாம் இடம்

ஓகஸ்ட் மாதக் கடைசியில் புஸ்பகௌரியும் அவள் புருசன் குலேந்திரனும் வடக்கே ஓர் ஏரிக்கரைப் பூங்காவில் தங்கிவிட்டு ஸ்காபரோ வீட்டுக்குத் திரும்பி வந்த மறுநாள் காலை, அவர்கள் தங்கியிருந்த நிலமும் பின்னால் வந்து சேர்ந்துவிட்டது. வந்ததை யாரும் காணவில்லை. பேக்கரிப் பாண் லொறி ஓட்டுகிற குலேந்திரன் வேலைக்குப் போகக் கதவைத் திறந்தபோது, அந்தத் தொடர்வீட்டு வளாகத்தில் விருந்தாளிகள் கார் நிறுத்துவதற்கென்று விட்டிருந்த இடத்தில், அளவெடுத்து வைத்ததுபோல, இரண்டு பைன் மரங்களும், நெருப்பு மூட்டுகிற இரும்பு வளையமும், யாரோ காதலர்கள் கத்தியால் பெயர் வெட்டிய மர மேசையும், அதோடு சேர்ந்த இருக்கை வாங்கும், 63 என்று இலக்கம் எழுதிய கட்டைத் தூணும், காலடியில் ஊசியிலை மெத்தையும், பூங்காவில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த கழிவறையின் மணமும் நின்றன. கழிவறை வரவில்லை. மணம் மட்டும் வந்திருந்தது.

குலேந்திரன் சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே திரும்பினான்.

"இஞ்சேரப்பா, எங்கட இடம் வந்து நிக்குது."

"எந்த இடம்?"

"அறுபத்திமூண்டு."

கௌரி புட்டு மாக் கையோடு யன்னலால் எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "எங்கட பதிவு நேற்று மத்தியானத்தோட முடிஞ்சுதே," என்றாள். "கூட நிண்டதெண்டு எங்களிட்டைக் காசு கேப்பாங்களோ?"

அவள் அப்படித்தான் கேட்பாள். விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற தொழிற்சாலையில் நின்றபடியே வேலை செய்கிற கௌரிக்கு வருடத்தில் ஒரு சந்தோசம், உள்ளே கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்த ஆர்.வி வண்டியில் ஏறி எங்காவது மரங்களுக்குள் போய் நிற்பது. அதிலும் பெரிய சந்தோசம் அதை மற்றவர்கள் கொடுக்கிற விலையில் பாதிக்குச் செய்து முடிப்பது. வண்டியை அவள் நிறுவனங்களிடம் எடுக்கமாட்டாள். ஒஷாவாவில் மனுவேல் என்ற ஓய்வுபெற்ற போர்த்துக்கீசக்காரரின் வாசலில் வார நாட்களில் சும்மா நிற்கிற வண்டியை, திரும்பக் கொடுக்கும்போது ஒரு சட்டி கோழிக்கறியும் சேர்த்துக் கொடுப்பதென்ற பேச்சில் எடுப்பாள். சனி ஞாயிறைத் தொடமாட்டாள். மின்சாரம் இழுத்த இடத்தைத் திரும்பியும் பார்க்கமாட்டாள். குளிர்காலத்து உற்சாகத்தில் நல்ல இடங்களையெல்லாம் பிடித்து வைத்தவர்களுக்குக் கோடையில் காய்ச்சல் வரும், கலியாண வீடு வரும், புருசன் பெண்சாதிக்குள் சண்டை வரும், அப்போது அவர்கள் கைவிடுகிற இடம் விடியற்காலையில் கணினியில் ஒரு பச்சைப் புள்ளியாக முளைக்கும், அந்தப் பச்சைப் புள்ளியை அவள் பல் தீட்டிக்கொண்டே அமுக்குவாள். ஒன்றுமே முளைக்காத வருடத்திலும் கழிவறைக்குப் பக்கத்து இடம் இருக்கும். அதை யாரும் விரும்புவதில்லை. கௌரி விரும்பி எடுப்பாள்.

நிலம் ஏன் வந்தது என்று பிறகு பலரும் பல விதமாகச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுத் தேவமலர் அக்கா சொன்னதைத்தான் கூடப் பேர் நம்பினார்கள். "இவள் போன இடத்திலையும் தும்புத்தடியால கூட்டுவாள். ஒருத்தரும் திரும்பிப் பாராத காணியைக் காலமை கூட்டி, பின்னேரம் கூட்டி, தண்ணியும் தெளிச்சால் அது என்ன செய்யும்? வரத்தானே செய்யும்," என்றாள். அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்துவிட்டது, ஏனென்றால் அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருந்தது: வருகிற விருந்தாளிகள் இனி எங்கே காரை விடுவது?

வளாகத்தின் நிர்வாகக் குழுத் தலைவர் சந்திரகாசன், யாழ்ப்பாணத்தில் தபாலதிபராக இருந்தவர், விதிப் புத்தகத்தோடு வந்து நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். தரிப்பிடத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் எதுவும் தங்கக்கூடாது என்று இருந்தது. எது தங்கக்கூடாது என்று விவரமாக இல்லை. ஆகவே அவர் ஒரு சீட்டு எழுதி, வாகன இலக்கம் என்ற இடத்தில் 63 என்று போட்டு, மழை படாமல் பொலித்தீன் உறைக்குள் வைத்துப் பைன் மரத்தில் ஒட்டினார். இரண்டு வாரத்துக்கு ஒருதரம் புதுப்பிக்க வேண்டும் என்று கௌரியிடம் கண்டிப்பாகச் சொன்னார். முதல் வாரத்தில் பிள்ளைகள் மரத்தில் ஏறினார்கள். இரண்டாம் வாரத்தில் எதிர்வீட்டு ரோசலீ இரண்டு மரத்துக்கும் நடுவே கயிறு கட்டிப் படுக்கை விரிப்புகளைக் காயவிட்டாள். பார்சல் கொண்டுவருகிற ஆட்கள் வீட்டு இலக்கம் தேடுவதை விட்டுவிட்டு மணத்தை வைத்து வளாகத்தைக் கண்டுபிடிக்கப் பழகினார்கள்.

கௌரி பூங்காவுக்குத் தொலைபேசி எடுத்தாள். பேசிய இளம்பெண் கணினியைப் பார்த்துவிட்டு, அறுபத்துமூன்றாம் இடம் திரையில் இருக்கிறது, எனவே இருக்கிறது என்றாள்.

"இருக்குத்தான். எங்கட வாசலில இருக்கு."

"அப்படியானால் முகவரியைச் சொல்லுங்கள், ஏற்கனவே பதிவு செய்தவர்களுக்கு அறிவிக்க வேண்டும்," என்றாள் அந்தப் பெண்.

அறிவித்தும் விட்டாள். அந்த வாரமே கியூபெக்கிலிருந்து ஒரு தம்பதி இழுவை வண்டியோடு வந்து, நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, தமிழ்ப் பலசரக்குக் கடையையும் நகைக்கடையையும் பிள்ளையார் கோயிலையும் தாண்டி, வளாகத்துக்குள் திரும்பி, தூணின் இலக்கத்தைத் தங்கள் தாளோடு ஒத்துப் பார்த்துவிட்டு, வண்டியைப் பின்பக்கமாக உள்ளே விட்டார்கள். ஏரி எங்கே என்று கேட்டார்கள். ஏரி வரவில்லை என்று குலேந்திரன் சொன்னான். அவர்கள் தலையாட்டிவிட்டுக் கதிரைகளை விரித்தார்கள். அவர்கள் போன பிறகு ஒரு தாதி வந்தாள், பிறகு மூன்று நாய்களோடு ஒரு குடும்பம் வந்தது. வந்தவர்களுக்குத் தேவமலர் அக்கா றொட்டியும் சம்பலும் கொடுத்துவிட்டாள். அவர்கள் மூட்டிய நெருப்பைச் சுற்றி வளாகத்துப் பிள்ளைகள் நின்றார்கள். மத்தியானத்தோடு இடத்தை விடவேண்டும், பின்னேரம்தான் அடுத்தவர் வரலாம் என்ற ஒழுங்கைச் சந்திரகாசன் பூங்காக்காரரைவிடக் கடுமையாகக் காத்தார்.

நிலம் கௌரிக்குத்தான் பின்னால் வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, மொன்றியல் கலியாணத்துக்குப் பிறகு அவளுக்கே இருக்கவில்லை. அவள் மொன்றியலுக்குப் போன அன்று நிலத்தில் ஆட்கள் தங்கியிருந்தார்கள், அதனால் அது அசையவில்லை. மறுநாள் அவர்கள் மேசையைத் துடைத்துவிட்டுப் போனதும் அது கிளம்பி, தாலி கட்டி முடிகிற நேரத்துக்குக் கலியாண மண்டபத்தின் பின்வாசலில் வந்து நின்றது. பெண் வீட்டார் அதில் வைத்துப் படம் பிடித்தார்கள். கௌரி வீட்டுக்கு வர அதுவும் வந்தது. ஆள் இருந்தால் எழும்பாது, ஆள் இல்லாவிட்டால் தேடி வரும் என்று அப்போது தெரிந்தது.

வேலைக்குப் போகுமுன் கௌரி அந்த வாங்கில் இருந்து தேத்தண்ணி குடிப்பாள். இந்த நாட்டில் அவள் நிலவறை அறையிலும், பிறகு கடைக்கு மேலே ஒரு வீட்டிலும், பிறகு இங்கேயும் இருந்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் அவள்தான் தேடிப் போனவள், கெஞ்சிக் கேட்டவள், முற்பணம் கட்டியவள். அவளைத் தேடி வந்தது இது ஒன்றுதான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கோப்பையின் அடியில் மிஞ்சுகிற சாயத்தைப் பெரிய பைன் மரத்தின் வேரில் ஊற்றிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள்.

செப்டெம்பர் நடுவில் வால்டர் வந்தார். எண்பதை நெருங்குகிற மனிதர், நீலத் தொப்பி, முட்டை வடிவில் ஒரு பழைய சின்ன இழுவை வண்டி. அவர் மற்றவர்களைப்போல ஏரியைக் கேட்கவில்லை. வண்டியை நிறுத்தக்கூட இல்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க இறங்கி நேரே பெரிய மரத்தடிக்குப் போய், முழங்காலில் மெல்லக் குந்தி, வேரைத் தடவிப் பார்த்தார். விரலை மூக்கருகில் கொண்டுபோனார்.

"இங்கே யார் தேநீர் ஊற்றியது?" என்றார்.

அன்று கௌரிக்கு ஓய்வு நாள். "நான்தான்," என்றாள். ஏதோ பூங்கா விதியை மீறிவிட்டதாகப் பயந்தாள்.

"சர்க்கரை போட்டதா?"

"ஓம். ரெண்டு கரண்டி."

"டொரீனுக்குச் சர்க்கரை வியாதி," என்றார் வால்டர். பிறகு யோசித்து, "இனிப் பரவாயில்லை," என்றார்.

டொரீன் அவருடைய மனைவி. கடைசிக் காலத்தில் அவளுக்கு அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டியிருந்ததால் அவர்கள் கோடைதோறும் அந்த இடத்தையே எடுத்தார்கள், பிறகு வேறெங்கும் போக மனம் வரவில்லை, அவள் இறந்தபோது அவளுடைய சாம்பலை வால்டர் ஒரு பிஸ்கட் டின்னில் கொண்டுபோய், யாரும் பார்க்காத வேளையில், கரண்டியால் தோண்டி அந்த வேரடியில் வைத்தார். பூங்காவில் அதற்கு அனுமதி இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். இதையெல்லாம் அவர் வாங்கில் இருந்து, தேவமலர் அக்கா கொடுத்துவிட்ட றொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டு, காலநிலை சொல்வதுபோலச் சொன்னார். கௌரி எழும்பி நின்றுவிட்டாள்.

"என்னையும் அங்கேயே வைக்கும்படி மகனிடம் சொல்லியிருக்கிறேன்," என்றார். "இருதயம் நன்றாக இல்லை. அதிக நாள் எடுக்காது. உங்கள் ஆட்கள் நல்லவர்கள், அந்த றொட்டி மிக நன்றாக இருந்தது. ஆனால் டொரீனுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும். கார் நிறுத்துகிற இடத்தில் அவளுக்கு நித்திரை வராது."

அன்று பின்னேரம் கௌரி சமைக்கவில்லை. குலேந்திரன் வந்ததும் விசயத்தைச் சொன்னாள்.

"நாங்கள் என்ன செய்யிறது? நாங்களே கூட்டிக்கொண்டு வந்தனாங்கள்? அதுதானே வந்தது," என்றான் அவன்.

"அது வந்ததுதான். அந்த மனிசியைக் கேட்டே வந்தது?"

குலேந்திரன் தண்ணீர் குடித்தான். "சரி, கொண்டுபோய் விடுவம்," என்றான். "மனுவேலிட்டை வண்டியைக் கேள்."

வால்டரின் நாட்கள் முடிந்ததும் அவர்கள் மனுவேலின் ஆர்.வியிலும், வால்டர் பின்னால் தன் வண்டியிலுமாக வடக்கே போனார்கள். பூங்காவில் அறுபத்துமூன்றாம் இடம் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்காபரோத் தார்த் தரையின் ஒரு சதுரம், வெள்ளைக் கோடுகளோடு, மரங்களுக்கு நடுவே கிடந்தது. அதில் சாம்பல் நிறக் கார் ஒன்று நின்றது. சந்திரகாசனின் மச்சான் ஓகஸ்ட் கடைசியில் ஓர் இரவு தங்க வந்து, காலையில் காரைக் காணாமல், களவு போனதென்று பொலிஸில் சொல்லிவிட்டு பஸ்ஸில் போயிருந்தார். பூங்காக் காவலர் அந்தக் காரின் கண்ணாடியில் அனுமதி இல்லாமல் தங்கியதற்காக நாளுக்கொரு அபராதச் சீட்டாகச் செருகி வைத்திருந்தார். எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து இடத்தில் தங்கினார்கள். காலையில் நிலம் வந்திருந்தது. தார்த் தரை காரோடும் சீட்டுகளோடும் ஊருக்குப் போயிருந்தது. வால்டர் மரத்தைத் தட்டிக்கொடுத்தார். கௌரியும் குலேந்திரனும் வீடு திரும்பினார்கள், வால்டரும் தன் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் விடிய நிலம் மறுபடியும் வாசலில் நின்றது. தூரப் பயணம் செய்த களைப்பு அதில் தெரிந்தது; ஊசியிலை நிறையக் கொட்டியிருந்தது.

கௌரி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசம் அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. அன்று அவள் வாங்கில் இருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை தேவமலர் அக்காவின் கராஜில் கௌரி வளாகத்து ஆட்களைக் கூட்டி, ஆளுக்கொரு தேத்தண்ணி கொடுத்து, விசயத்தைச் சொன்னாள். நிலத்தைக் கொண்டுபோய் விடவேண்டும். விட்ட பிறகு குளிரில் நிலம் இறுகும்வரை அதில் எந்நேரமும் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

"இறுகினால் எழும்பாதோ?" என்று சந்திரகாசன் கேட்டார்.

"உறைஞ்ச மண்ணில மண்வெட்டியே இறங்காது," என்றான் குலேந்திரன். "அது எப்பிடிக் கிளம்பும்?"

"எனக்குக் காம்பிங் சரிவராது. நுளம்பு கடிக்கும். அதுவுமில்லாமல் செலவு," என்றார் சந்திரகாசன்.

செலவு என்ற சொல்லைக் கேட்டதும் கௌரி நிமிர்ந்தாள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவள் பேசினாள், அவள் அவ்வளவு பேசி அந்த வளாகத்தில் யாரும் கேட்டதில்லை. ஒக்ரோபரில் நுளம்பு இல்லை என்றாள். பள்ளிக்கூடம் தொடங்கியபின் வார நாட்களில் அந்த இடத்துக்கு யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள் என்றாள். ஒரே வண்டியை எல்லோரும் மாறி மாறிப் பாவித்தால் வாடகை பங்காகும், ஒருவர் அங்கேயே விட்டுவிட்டு வர மற்றவர் கார் கொண்டுபோய் மாறலாம், எண்ணெய்ச் செலவும் குறையும். விறகை வழியில் கடைகளில் வாங்கக்கூடாது, பூங்கா வாசலிலும் வாங்கக்கூடாது, உள்ளூர்ப் பண்ணைக்காரர் தெருவோரம் மலிவாக அடுக்கி வைப்பார். கறியைச் சமைத்து உறைய வைத்துக் கொண்டுபோனால் அதுவே ஐஸ் கட்டிக்கும் பதிலாகும். வார இறுதியை ஏற்கனவே பிடித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களே அங்கே இருப்பார்கள், அந்த நாட்களுக்கு நாங்கள் காசு கட்டத் தேவையில்லை. அவள் ஒவ்வொருவருடைய கைத்தொலைபேசியையும் வாங்கி, பச்சைப் புள்ளி எங்கே முளைக்கும், எப்படி அமுக்குவது என்று காட்டிக்கொடுத்தாள். ரோசலீ முதலாவது நாளை எடுத்தாள். அதைப் பார்த்துத் தேவமலர் அக்கா இரண்டாவதை எடுத்தாள். சந்திரகாசன் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எதிராக ஒன்றும் இல்லாததால், ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்தார்.

அப்படியே நடந்தது. கௌரி முன்னால் போனாள், நிலம் பின்னால் வந்தது, வந்து இறங்கிய உடனே ரோசலீ தன் பிள்ளைகளை அதன்மேல் ஏற்றிவிட்டாள். மத்தியானத்துக்கும் பின்னேரத்துக்கும் இடையில் பதிவு இல்லாத அந்தச் சில மணி நேரம்தான் பயமாக இருந்தது. அதனால் போகிறவர் வருகிறவரின் முகத்தைக் கண்ட பிறகே மேசையை விட்டு எழும்புவார், காவலர் வந்து கேட்டால், தலைசுற்றுகிறது, கொஞ்சம் இருந்துவிட்டுப் போகிறேன் என்பார். அந்த ஒக்ரோபரில் ஸ்காபரோக்காரர் எல்லோருக்கும் மத்தியானத்தில் தலைசுற்றுகிறது என்று காவலர் தன் குறிப்பில் எழுதினார். தேவமலர் அக்கா டொரீனோடு பேசிவிட்டு வந்தாள், நல்ல மனிசி என்றாள். வால்டர் ஒரு முறை வந்து மூன்று நாள் இருந்தார், பூங்கா மூடுமுன் இன்னொரு முறையும் வந்தார். சந்திரகாசன் ஓர் இரவுக்குப் போய் இரண்டு இரவு நின்றார். திரும்பி வந்து, அங்கே கழிவறை எவ்வளவு கிட்ட என்று ஆச்சரியத்தோடு சொன்னார்.

கடைசி இரவு கௌரிக்கும் குலேந்திரனுக்கும் விழுந்தது. அந்த வருடம் குளிர் முந்திக்கொண்டுவிட்டது. காலையில் குலேந்திரன் குதிக்காலால் மண்ணைக் குத்திப் பார்த்தான். கல்லில் குத்தியதுபோல் இருந்தது. ஏரியில் மெல்லிய பனிக்கட்டி கரையோடு உரசுகிற சத்தம் கேட்டது. கௌரி வாங்கில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

பரி நகரம் தாண்டும்வரை அவள் பக்கக் கண்ணாடியில் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அது திரும்பி வந்தால் என்னப்பா செய்யிறது?" என்றாள் பிறகு.

"வராது."

"வராட்டி?"

குலேந்திரன் அடுத்த கோப்பிக் கடையில் வண்டியை நிறுத்தி அவளுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள், அவள் அழுது முடியும்வரை அவன் வண்டியை எடுக்காமல் இருந்தான்.

நிலம் வரவில்லை. தார்த் தரையில் விருந்தாளிகளின் கார்கள் நின்றன. பார்சல் கொண்டுவருகிற ஆட்கள் வளாகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் இரண்டு தெரு தள்ளி நின்று தொலைபேசி எடுத்தார்கள். கௌரி குசினியில் நின்றபடியே தேத்தண்ணி குடித்துவிட்டு வேலைக்குப் போனாள். சனம் அவளை எங்கே கண்டாலும், இந்த வருடம் எந்தப் பூங்கா, எந்த நாளில் மலிவு என்று கேட்டது. அவள் சொல்லிக்கொடுத்தாள், ஆனால் தனக்கென்று ஒன்றையும் பார்க்கவில்லை.

மாசி மாதம் வால்டரின் மகன் கிரெய்க் தொலைபேசி எடுத்தார். அப்பா தை மாதத்தில், நித்திரையில், போய்விட்டார் என்றார். கௌரி துக்கம் சொன்னாள். அவர் நன்றி சொல்லிவிட்டுத் தயங்கினார்.

"பூங்கா திறந்தவுடன் அவரைக் கொண்டுபோக வேண்டும். எனக்கும் மனைவிக்கும் இந்தப் பதிவு விசயமே தெரியாது. நேற்றுப் பார்த்தேன், அறுபத்துமூன்றாம் இடம் கோடை முழுக்கப் பதிவாகிவிட்டது. உங்களைத்தான் கேட்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். நீங்களும் வந்தால் அவருக்குப் பிடிக்கும்."

கௌரி கணினியைத் திறந்தாள். உண்மைதான். கியூபெக் தம்பதி எடுத்திருந்தார்கள், மூன்று நாய்க்காரர் எடுத்திருந்தார்கள், வளாகத்துச் சனம் ஆளுக்கொரு வார நாளாக எடுத்திருந்தது, சந்திரகாசன் ஆடி மாதத்தில் ஒரு முழு வாரத்தைப் பிடித்து வைத்திருந்தார். வழக்கமாக ஒருவரும் தீண்டாத அந்த இடத்தில் ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை.

யாரிடமும் விட்டுத்தரும்படி அவள் கேட்கவில்லை. விடியற்காலை எழும்பி, பல் தீட்டிக்கொண்டே பார்த்தாள். பங்குனி முழுக்கப் பார்த்தாள். பனி உருகிய பிறகும் நிலம் வாசலுக்கு வரவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த நாள், மே மாத நடுவில் ஒரு புதன்கிழமையும் அடுத்த வியாழனும் பச்சையாக முளைத்தன. யாருக்கோ காய்ச்சல், அல்லது கலியாண வீடு. அவள் அமுக்கினாள்.

இரண்டு இரவு, மின்சாரம் வேண்டாம், நாய் இல்லை என்று ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தவள், தங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்ட பெட்டியில் நின்றாள். கிரெய்க், மனைவி, தான், குலேந்திரன். ஆறு பேர் வரைக்கும் ஒரே கட்டணம்தான். வால்டரையும் சேர்த்து ஐந்து என்று போட்டாள். டொரீனைச் சேர்க்கவில்லை. அவள் வந்து போகிற ஆள் இல்லை, அங்கே குடியிருக்கிறவள்.